நைனா அசையக்கூடாத நாற்பத்திரண்டு நாள்

பெங்களூர் ஆஸ்பத்திரியில் எனக்கு இதயக் குழாயில் பலூன் வைப்பதற்கு முன்னால் ஒரு சின்ன டாக்டர் வந்து உட்கார்ந்து கேள்வி கேட்டார். வயது, எடை, சர்க்கரை, பிரஷர். பிறகு, "அப்பா இருக்காரா?" என்றார். இல்லை என்றேன். "எப்படி இறந்தார்?"

"ராக் பர்ஸ்ட்டில்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள், ரொம்ப ஆழத்தில், பாறை அழுத்தம் தாங்காமல் திடீரென்று வெடித்துச் சரியும், அதற்குத்தான் அந்தப் பெயர் என்று சொன்னேன். "ஓ, மைன் ஆக்சிடென்ட்" என்று எழுதிக்கொண்டு, குடும்பத்தில் இதய நோய் இல்லை என்ற இடத்தில் டிக் போட்டார். பக்கத்தில் நின்றிருந்த என் வீட்டுக்காரர் பதறிப்போனார். "இன்னா சொல்ற நீ? மாமாவுக்கு ஹார்ட் அட்டாக்குதானே?" டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மருந்து எதுவும் கொடுக்கும் முன்பே இந்தம்மா உளறுகிறாளே என்று நினைத்திருப்பார். அடித்துவிட்டு மாற்றி எழுதிக்கொள்ளுங்கள் என்று கையைக் காட்டினேன்.

நான் பொய் சொல்லவில்லை. இருபத்தைந்து வருஷமாக எனக்குள் அது அப்படித்தான் பதிந்திருந்தது.

நைனா என்று நாங்கள் கூப்பிட்டது அப்பாவை. வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்களில் பாதிப்பேருக்கு அப்பா நைனாதான். அவர் நந்திதுர்க் சுரங்கத்தில் டிம்பர்மேன். பாறை தலையில் இறங்காமல் கீழே மரத்தால் முட்டுக் கொடுத்து நிறுத்துகிறவர். அந்த ஊரில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றால் யாரும் இதயம் என்று சொல்ல மாட்டார்கள். தூசு என்பார்கள். பாறைத் தூசு மூச்சுப்பையில் படிந்து ஆளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கிற ஒவ்வொரு லைனிலும் அப்படி ரெண்டு பேர் வாசலில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருப்பார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை ஆண்டர்சன்பேட்டைக்குக் கறி வாங்கப் போகிற வழியில், மேட்டில் ஏறும்போது நைனா நின்று நின்று போக ஆரம்பித்ததும் எங்களுக்கு வேறு யோசனையே வரவில்லை. எதிர் வீட்டு அக்கா வெல்லம் சாப்பிடச் சொன்னாள். வெல்லம் தூசை இறக்கிவிடுமாம். ஆறு மாசம் அவர் வெல்லம் தின்றார். இருமல்தான் ஒருநாளும் வந்ததில்லை. இருமாத தூசு எங்கேயாவது உண்டா? ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த பெண் நான். பெரிய படிப்பு. அந்தப் படிப்பில் இந்த ஒரு கேள்வி எனக்குத் தோன்றவில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. ஒரு காலை ஷிப்ட் முடிந்து, ஆட்களை ஏற்றி இறக்குகிற இரும்புக் கூண்டான கேஜில் ஏறி மேலே வந்தவர், விளக்கைத் திருப்பிக் கொடுக்கிற ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். வேர்வை என்றால் அப்படி ஒரு வேர்வை. நாலு பேர் தூக்கிக்கொண்டு சுரங்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். மார்பில் கம்பிகள் வைத்துப் படம் எடுத்தார்கள். பெரிய டாக்டர் அந்தக் காகிதத்தை நீளமாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, தூசு இல்லை, இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய் ஒன்று அடைத்துக்கொண்டது என்றார்.

தூசு இல்லை என்று கேட்டதும் அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், பக்கத்துக் கட்டில்காரம்மாவிடம், "தூசு இல்லியாம்!" என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

டாக்டர் சொன்ன வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். அசையக் கூடாது. ஆறு வாரம். மூன்று வாரம் ஆஸ்பத்திரியில், மூன்று வாரம் வீட்டில். எழுந்து உட்காரக் கூடாது. சோற்றைத் தானாக எடுத்துச் சாப்பிடக் கூடாது. கக்கூசுக்குப் போகக் கூடாது, எல்லாம் கட்டிலிலேயே. முகம் மழிக்கக் கூடாது. கோபப்படக் கூடாது. சிரிக்கக் கூடாது. இதயத்தில் செத்துப்போன இடத்தில் தழும்பு கட்டி ஆற ஆறு வாரம் ஆகும், அதற்குள் ஒரு தரம் எழுந்து நடந்தாலும் ஆள் தங்க மாட்டார் என்று என்னையும் அம்மாவையும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்க ஒரு சின்ன மாத்திரை. அவ்வளவுதான். அன்றைக்கு உலகத்தில் இருந்த வைத்தியமே அவ்வளவுதான் என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது.

நைனா ஒரு கேள்வி கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். "சார், கீழ லெவல்ல வழி சுருங்கிச்சின்னா நாங்க உள்ள பூந்து முட்டு குடுத்து நிறுத்துவோம். இந்தக் கொழாய்க்குள்ள அந்த மாரி ஒண்ணு குடுக்க முடியாதா?"

டாக்டர் சிரித்தார். நல்ல மனுஷர், கேலியாகச் சிரிக்கவில்லை. "அவ்வளவு சின்ன டிம்பர்மேன் இன்னும் பொறக்கல" என்றார். நைனாவுக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்கக் கூடாது என்பது ஞாபகம் வந்து உதட்டைக் கடித்துக்கொண்டார்.

இருபத்தோராம் நாள் ஸ்ட்ரெச்சரில் வீட்டுக்கு வந்தார். கட்டிலை வாசலுக்கு நேராக, உள்பக்கம் போட்டோம். அம்மா மாதக் காலண்டரில் பென்சிலால் தினம் ஒரு பெருக்கல் குறி போட்டு வந்தாள். நாற்பத்திரண்டாம் நாளில் ஒரு வட்டம். எங்கள் வீட்டில் அப்போது சாமிக்குக் கூட அவ்வளவு கவனம் இல்லை. அந்த வட்டம்தான் சாமி.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். அம்மா சமையல், தண்ணீர், கடை. நான் நைனாவின் பக்கத்தில் உட்காருவது. வேறு எதுவும் என் பொறுப்பு இல்லை. அவர் எழுந்துவிடாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான். நகர்ந்தால் திட்டுவேன். கொசு கடித்தால் நான் அடிப்பேன். அவர் கொஞ்சநாளில் என்னை "மேஸ்திரி" என்று கூப்பிட ஆரம்பித்தார். "மேஸ்திரி, மூக்கு அரிக்குது, சொறிஞ்சிக்கலாமா?" நான் சொறிந்துவிடுவேன்.

பார்க்க வருகிறவர்கள் தொல்லை தனி. வந்தவர்கள் எல்லோரும் கட்டில் அருகிலேயே நின்று, யார் யார் எப்படிச் செத்தார்கள் என்று கதை சொல்வார்கள். "போன வாரம் கூட ஒருத்தரு, நல்லா பேசிக்கினு இருந்தாரு, படக்குன்னு..." எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் ஒரு மாமாவை, "எழுந்திருங்க, போங்க, உங்க வூட்ல போய் சொல்லுங்க" என்று கதவைத் திறந்து அனுப்பிவிட்டேன். அம்மா என்னை ஏசினாள். நைனா கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி நடித்தார்.

பூட்ஸ் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் லைனில் சுரங்கத்துக்குப் போகிற ஆளின் பூட்ஸ் வாசற்படிக்கு உள்பக்கம், கதவு ஓரத்தில்தான் இருக்கும். ஆள் உயிரோடு இருக்கிறவரை அதை எடுத்து உள்ளே வைக்க மாட்டார்கள். ஆள் போன பிறகுதான் அது உள்ளே போகும். நைனா கட்டிலில் இருந்து பார்த்தால் நேராகக் கண்ணில் படுவது அந்த பூட்ஸ்தான். பார்த்துப் பார்த்து ஏங்குவாரே என்று நான் அதை எடுத்து டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் வைத்தேன். அம்மா பார்த்துவிட்டாள். "ஏண்டி, மனுசன் உசுரோட கீறப்போ பூட்ச எடுத்து உள்ள வெக்கிறியே, உனக்கு அறிவு கீதா?" என்று கத்தி, தானே கொண்டுவந்து கதவு ஓரத்தில் வைத்தாள். தூசு தட்டி, கயிற்றைத் தளர்த்தி, கால் நுழைக்கத் தயாராக வைத்தாள்.

முப்பத்தி நாலாம் நாள். மத்தியானம். அம்மா ராபர்ட்சன்பேட்டைக்கு மாத்திரை வாங்கப் போயிருந்தாள். நைனா தூங்கிக்கொண்டிருந்தார். நான் கட்டில் கால்பக்கத்தில் உட்கார்ந்து முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

பர்ஸ்ட் வந்தது. எங்கள் ஊரில் அது காதுக்கு முன்னால் காலுக்குத் தெரியும். தரை ஒரு தரம் தூக்கிப் போட்டது. அடுத்து சத்தம். அலமாரியில் இருந்து சொம்பு விழுந்தது. ஓட்டில் இருந்து மண் கொட்டியது. நான் முறத்தைக் கீழே வைத்தேன். கொட்டவில்லை, ஒழுங்காகத்தான் வைத்தேன். எழுந்து வெளியே ஓடினேன்.

யாரும் யோசித்து ஓடுவதில்லை. பிறந்ததிலிருந்து அப்படி. தரை ஆடினால் பொம்பளைகள் எல்லோரும் கேஜ் இறங்கி ஏறுகிற குழியான ஷாப்ட்டுக்கு ஓடுவார்கள். அடுப்பில் பால் இருந்தாலும் ஓடுவார்கள். நானும் நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறேன். லைன் முழுக்க ஜனம். எதிர் வீட்டு அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். அவள் வீட்டுக்காரர் அன்றைக்குக் காலை ஷிப்ட். ரெண்டு பேர் காலிலும் செருப்பு இல்லை.

ஷாப்ட் கேட்டில் கயிறு கட்டியிருந்தார்கள். அங்கே ஒரு முறை உண்டு, யாரும் சொல்லித் தருவதில்லை. யார் என்று தெரிகிறவரை அழக் கூடாது. அழுதால் அது உன் வீட்டுக்கு வந்துவிடும். கேஜ் மேலே வரும், ஆட்கள் இறங்குவார்கள். உன் ஆள் முகத்தைப் பார்த்துவிட்டால் கூப்பிடக் கூடாது, சிரிக்கக் கூடாது. பேசாமல் திரும்பி வீட்டுக்குப் போய்விட வேண்டும். ஏனென்றால் பக்கத்தில் நிற்கிறவளின் ஆள் இன்னும் வரவில்லை. அதனால் அவ்வளவு கூட்டத்திலும் ஷாப்ட் வாசல் நிசப்தமாக இருக்கும். கேஜின் இரும்புக் கதவு சத்தம் மட்டும்தான் கேட்கும்.

முதல் கேஜ் வந்தது. நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். நைனா இல்லை. ரெண்டாவது கேஜ். இல்லை. முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். ஒரு பொம்பளை திரும்பிப் போவாள், கூட்டத்தில் ஓர் இடம் காலியாகும். கேஜுக்கும் கேஜுக்கும் நடுவே எவ்வளவு நேரம் போனது என்று தெரியாது. அரைமணிக்கு மேல் இருக்கும். நாலாவது கேஜில் எதிர் வீட்டு அக்காவின் ஆள் இறங்கினார். முகம் முழுக்கப் புழுதி, ஆனால் தானாக நடந்து வந்தார். அக்கா பார்த்தாள். முறைப்படி பேசாமல் திரும்பினாள். ரெண்டு அடி நடந்தவள் நின்றுவிட்டாள். திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நீ ஏண்டி நின்னுக்கினு கீற?"

"நைனா இன்னும் வர்லக்கா" என்றேன்.

நான் சொன்னது எனக்கே அப்புறம்தான் காதில் விழுந்தது.

ஓடினேன். வரும்போது ஓடியதை விட வேகமாக ஓடினேன். எதிரே வந்தவர்கள் எல்லாம் ஷாப்ட்டைப் பார்த்து வந்துகொண்டிருந்தார்கள். நான் ஒருத்தி மட்டும் எதிர்ப்பக்கம் ஓடினேன்.

நைனா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். சட்டை போட்டிருந்தார், பொத்தான் மேலும் கீழும் மாறியிருந்தது. ஒரு காலில் பூட்ஸ், கயிறு இறுக்கக் கட்டியிருந்தது. இன்னொரு பூட்ஸ் கையில் இருந்தது. பர்ஸ்ட் நடந்தால் ஷிப்ட்டில் இல்லாத டிம்பர்மேன்கள் கூப்பிடாமலேயே ஷாப்ட்டுக்குப் போய்விடுவார்கள். முட்டுக் கொடுக்காமல் உள்ளே போய் யாரையும் வெளியே எடுக்க முடியாது. அவரும் எங்களைப் போலத்தான். தரை ஆடியதும் எழுந்துவிட்டார். முப்பத்தி நாலு நாள் தரையில் படாத கால்.

முகம் சாம்பல் நிறம். வேர்வை சொட்டியது.

"ஆளுங்க?" என்றார்.

"எல்லாரும் ஏறிட்டாங்க நைனா." அது பொய். அப்போது இன்னும் கேஜ் வந்துகொண்டிருந்தது.

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "ஷாப்ட்டாண்டயா போன? யாரப் பாக்க?" என்றார்.

எனக்குப் பொய் வரவில்லை. "உன்னத்தான்" என்றேன்.

அவர் தோள் குலுங்கியது. சிரித்தார் என்றுதான் நான் நினைக்கிறேன். முப்பத்தி நாலு நாளுக்கு அப்புறம் முதல் சிரிப்பு. "போடி மேஸ்திரி" என்றார். கையில் இருந்த பூட்ஸை என்னிடம் கொடுத்து, காலை நீட்டி, "இத்த கயட்டு" என்றார்.

மாத்திரை கட்டிலுக்குத் தலைமாட்டில் இருந்தது. அதை எடுக்க நான் உள்ளே போயிருக்க வேண்டும். போகவில்லை. அவர் சொன்ன வேலையைச் செய்தேன். மண்டியிட்டு உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தேன். டிம்பர்மேன் போட்ட முடிச்சு, சாமானியமாக அவிழாது. நகம் ஒன்று உடைந்தது. முடிச்சை அவிழ்த்து, பூட்ஸைக் கழற்றி, ரெண்டையும் ஜோடியாகக் கதவு ஓரத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்தேன். அவர் நிலைக்கதவில் சாய்ந்திருந்தார். எப்போது போனார் என்று எனக்குத் தெரியாது.

எனக்கு அழுகை வரவில்லை. அக்கம்பக்கத்தார் வந்தார்கள், தூக்கிக் கட்டிலில் போட்டார்கள். ஒரு மணி நேரம் கழித்து அம்மா வந்தாள். தெருமுனையிலேயே மார்பில் அடித்துக்கொண்டு, அழுதுகொண்டே வந்தாள். வழியில் யாரோ சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். வாசலில் கூட்டத்தைப் பார்த்ததும் அவள் அழுகை நின்றது. உள்ளே வந்து கட்டிலைப் பார்த்தாள். அங்கே அவரைப் பார்த்து அவள் திகைத்த மாதிரி நின்றாள். அதற்கு எனக்கு அப்போது அர்த்தம் தெரியவில்லை. அப்புறம் கதவு ஓரத்தில் இருந்த பூட்ஸை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

அன்றைக்குச் சுரங்கத்தில் ஒரு உயிர் கூடப் போகவில்லை. எல்லோரும் ஏறிவிட்டார்கள். நான் சொன்ன பொய் சாயங்காலத்துக்குள் உண்மையாகிவிட்டது. ஊரே கோயிலில் தேங்காய் உடைத்தது. நியாயம்தானே, உடைக்கத்தான் வேண்டும்.

"கல்லு மாரி ஒக்காந்துக்கினு கீறா பாரு" என்று என்னைச் சொன்னார்கள். நான் கேட்டேன். உண்மைதான் என்று நினைத்தேன். காலண்டரில் அந்த நாளோடு சேர்த்து எட்டு நாள் வெறுமையாக இருந்தது, அதற்கப்புறம் அந்த வட்டம். மாசம் முடிகிறவரை யாரும் அதைக் கிழிக்கவில்லை. எனக்கு வேலை வந்தது. கல்யாணம் நடந்தது. ரெண்டு பிள்ளைகள். வகுப்பில் நல்ல கோபக்கார டீச்சர் என்று பெயர். அம்மாவும் நானும் அந்த மத்தியானத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நீ எங்கே போனாய் என்று அவள் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரேயடியாகத் தீர்ந்திருக்கும். கேட்காமல் இருந்தாளே, அதுதான் எனக்குத் தண்டனை என்று நினைத்துக்கொண்டேன். எதிர் வீட்டு அக்கா சொல்லியிருப்பாள், அம்மாவுக்கு எல்லாம் தெரியும், மனசுக்குள் வைத்துக்கொண்டு எனக்குச் சோறு போடுகிறாள் என்று நினைத்தேன். சில நாள் அவள் மேல் கோபம் கூட வரும்.

நாற்பத்தைந்து வயதில் எனக்கு வலி வந்தது. பள்ளிக்கூட மாடிப்படியில். சுரங்கத்தை எட்டிக்கூடப் பார்க்காத எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? தூசு. அட கிரகமே!

பெங்களூரில் டாக்டர் படம் வரைந்து காட்டினார். தொடையில் ஒரு துளை போட்டு, மெல்லிய குழாயை இதயம்வரை அனுப்பி, அடைத்த இடத்தில் ஒரு குட்டிப் பலூனை ஊதி விரிப்போம், வழி திறந்துகொள்ளும் என்றார். ரெண்டு மூன்று நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றார். ரெண்டு மூன்று நாள். நான் தலையாட்டினேன். நைனா கேட்டது இதைத்தான் என்று அவரிடம் சொல்லவில்லை.

ஊசி போட்டு மரத்துப்போக வைப்பது தொடையை மட்டும்தான். நாம் விழித்திருப்போம். பலூனை ஊதும் முன்னால், "இப்ப கொஞ்ச நேரம் நெஞ்சு வலிக்கும், வலிச்சா சொல்லுங்க" என்றார்கள். ஊதுகிற அந்த நேரத்துக்கு ரத்தம் போகாது, அதனால் வலிக்கும். வந்தது. நடு நெஞ்சில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துகிற மாதிரி, தாடை வரைக்கும். இதை வைத்துக்கொண்டா பூட்ஸ் கட்டினார் என்று நினைத்தேன். "வலிக்குதா?" என்றார்கள். இல்லை என்றேன். பலூனைச் சுருக்கினார்கள். வலி போய்விட்டது. இவ்வளவுதானா என்று இருந்தது. வெளியே வந்து மறுநாள் காலையில் இட்லி தின்றேன். சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் சந்தோஷம் வரவில்லை.

ஆறு மாசத்தில் அதே இடம் மறுபடி சுருங்கிவிட்டது. சிலருக்கு அப்படி ஆகும், சிலருக்கு நிற்கும், முன்கூட்டியே சொல்ல முடியாது என்றார் டாக்டர். எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கீழே முட்டுக் கொடுத்த இடத்திலும் பாறை மறுபடி இறங்கும், திரும்பப் போய்ச் சரிபார்க்க வேண்டும் என்று நைனா சொல்வார். ரெண்டாம் தரம் பலூன் ஊதியதோடு உள்ளே ஒரு சின்னக் கம்பி வலையை விரித்து அங்கேயே விட்டுவிட்டார்கள். அதுதான் முட்டு. இதை எழுதுகிறவரை நிற்கிறது.

அந்த ரெண்டாம் தரம்தான் அம்மா என்கூட வந்து இருந்தாள். வயதானவள், வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. தொடையில் துளை போட்ட இடத்தில் ரத்தம் கசியாமல் இருக்க ஒரு மணல் மூட்டையை வைத்துவிட்டு, ஆறு மணிவரை அந்தக் காலை அசைக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லிப் போனாள். அம்மா ஸ்டூலைக் கட்டிலை ஒட்டிப் போட்டுக்கொண்டு, என் முழங்கால் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு மணி ஆயிற்று, ரெண்டு மணி ஆயிற்று. சாப்பிடக் கூடப் போகவில்லை.

"கீழ போய் ஒரு காபி குடிச்சிட்டு வாம்மா. நான் எங்க ஓடிடப் போறேன்?" என்றேன்.

"மாட்டேன்" என்றாள். "போனா அப்டியே எங்கனா பூடுவேன். என்னை நம்ப முடியாது."

என் முழங்காலைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அன்னிக்கு மாத்தர வாங்கிக்கினு பஸ்ல வந்தனா. கண்டக்டரு பர்ஸ்ட்டுன்னு சொன்னான். ஷாப்ட்டாண்ட எறங்கிட்டேன். கயித்துக்கு இந்தாண்ட நின்னுக்கினு ஒவ்வொரு மூஞ்சியா பாக்கறேன், உங்க நைனா இல்ல. அப்ப நீ ஓடனத பாத்தேன். இன்னாடி இவ, பெத்த அப்பன் இன்னும் ஏறல, அதுக்குள்ள வூட்டுக்கு ஓடறாளேன்னு உம்மேல அப்டி ஒரு கோவம் எனக்கு."

சொல்லும்போதும் அவள் கை என் முழங்காலை விட்டு நகரவில்லை.

"கடைசி கேஜும் வந்துச்சு. அதுலயும் இல்ல. கேட்ட மூடறான். சரி, கீழயே பூட்டாருன்னு நெனச்சேன். அதான் அழுதுக்கினே வந்தேன். யாரும் எனக்குச் சொல்லல. உள்ள வந்து பாக்கறேன், கட்டில்ல கீறாரு. இங்க எப்டி வந்தாருன்னு தோணிச்சு."

"மாத்திரை?" என்று கேட்டேன். எதற்குக் கேட்டேன் என்று தெரியவில்லை.

"கையிலதான் இருந்துச்சு. நேரா வூட்டுக்கு வந்திருந்தா..." என்றவள் அத்தோடு நிறுத்திக்கொண்டாள். "உன்கிட்ட சொன்னா நீ என்னை மன்னிக்க மாட்டியேன்னு பயம்."

எழுந்து உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. இருபத்தைந்து வருஷத்தில் முதல்தரம் எனக்கு அழுகை வந்தது, சத்தமாகவே வந்தது. எழுந்திருக்கப் போனேன். அம்மா ரெண்டு கையாலும் என் காலை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"அசையாதடி" என்றாள். "ஆறு மணி ஆவட்டும்."

ஆறு மணிக்கு நர்ஸ் வந்து மணல் மூட்டையை எடுத்தாள். அதற்கப்புறம்தான் அம்மா என் காலில் இருந்து கையை எடுத்தாள்.